கையில் ஒட்டியிருக்கும் அந்த வட்டம்

மூணு வருஷமா என்கிட்ட அதிகமா கேட்கப்படுற கேள்வி ஒண்ணுதான்: "கையில அது என்ன?" லேப்ல கேட்பாங்க, லிஃப்ட்ல கேட்பாங்க, மெஸ் வரிசையில பின்னாடி நிக்கிறவங்க தொட்டுப் பார்த்துட்டே கேட்பாங்க. நிகோட்டின் பேட்ச்சான்னு ஒரு சீனியர் கேட்டார். ஜிபிஎஸ்ஸா, உங்க வீட்ல ரொம்ப ஸ்ட்ரிக்டான்னு ஒரு ஜூனியர் கேட்டா. ஃபைனல் இயர் வந்தாச்சு. இனி ஒவ்வொருத்தருக்கா தனித்தனியா சொல்ல நேரமில்லை, அதனால எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதிடறேன்.

அதுக்குப் பேர் சிஜிஎம். கன்டினியுவஸ் குளுக்கோஸ் மானிட்டர். உடம்புல குளுக்கோஸ் எவ்வளவு இருக்குன்னு சில நிமிஷத்துக்கு ஒருமுறை அளந்துகிட்டே இருக்கும். எனக்கு 13 வயசுல இருந்து டைப் 1 நீரிழிவு. "இந்த வயசுல சுகரா? நிறைய ஸ்வீட் சாப்பிடுவியோ?" என்று அடுத்த கேள்விக்கு வாய் திறக்கிறவங்களுக்கு: இல்லை. என் நோய் எதிர்ப்பு மண்டலமே கணையத்துல இன்சுலின் சுரக்கிற பீட்டா செல்களை அழிச்சிடுச்சு. லட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. இன்சுலினை வெளியிலிருந்து போட்டே ஆகணும். எனக்கு ஒரு நாளைக்கு நாலு ஊசி.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. இன்சுலின் அதிகமானா குளுக்கோஸ் 70-க்குக் கீழே இறங்கும். கை நடுங்கும், வேர்க்கும், பேச்சு குழறும், ரொம்ப இறங்கினா மயக்கம், வலிப்பு வரை போகும். குறைஞ்சா அது 250, 300 என்று ஏறும். பல வருஷம் அப்படியே விட்டா கண், சிறுநீரகம், நரம்பு எல்லாம் கெடும். நடுவுல ஓட்டணும். ஓட்டணும்னா எங்கே போறோம்னு தெரியணும் இல்லையா?

பிளஸ் டூ லேப்ல பெனடிக்ட் டெஸ்ட் செஞ்சது ஞாபகம் இருக்கா? நீலக் கரைசலைச் சூடாக்கினா செங்கல் நிறமா மாறுமே, அதேதான். வீட்டுல ரத்தம் சோதிக்கிற மீட்டர் வராத காலத்துல சர்க்கரை நோயாளிகள் தங்களோட சிறுநீரை அப்படித்தான் சோதிச்சுப் பார்த்தாங்க. அதுல தெரியிறது சில மணி நேரத்துக்கு முந்தின கதை. பிறகு விரல்ல குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்ட்ரிப்ல வைக்கிற குளுக்கோமீட்டர் வந்துச்சு. நான் ஸ்கூல் முழுக்க அதோடதான் வளர்ந்தேன். ஒரு நாளைக்கு அஞ்சு குத்து. நல்ல கருவிதான், இன்னைக்கும் என் பையில இருக்கு. ஆனா அது ஒரு போட்டோ. காலையில 8 மணிக்கு 140 என்று காட்டினா, அது ஏறிட்டு இருக்கிற 140-ஆ, இறங்கிட்டு இருக்கிற 140-ஆன்னு தெரியாது. ரெண்டு குத்துக்கு நடுவுல நடக்கிறதெல்லாம் இருட்டு.

சிஜிஎம் வீடியோ. அமெரிக்காவோட எஃப்டிஏ முதல் சிஜிஎம்முக்கு அனுமதி கொடுத்தது 1999-ல. நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே! அப்போ அது மூணு நாள் டேட்டாவைச் சேமிக்கும், டாக்டர் இறக்கிப் பார்ப்பார், போட்டிருக்கிறவருக்கு ஒண்ணும் தெரியாது. போன்ல லைவா பார்க்கிற அளவுக்கு வர இன்னும் பல வருஷம் ஆச்சு.

இப்போ ஈசிஇ ஆளுங்க கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க. அந்த வட்டத்துக்கு அடியில முடி மாதிரி மெல்லிசா ஒரு இழை, சுமார் 5 மில்லிமீட்டர், தோலுக்குக் கீழே போயிருக்கு. அது ரத்தத்தைத் தொடுறதில்லை. செல்களுக்கு இடையில இருக்கிற திரவத்தைத்தான் தொடுது. இழை மேல குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற என்சைம் பூசியிருக்கும். குளுக்கோஸ் அதோட வினை புரியும்போது எலக்ட்ரான் வரும், எலக்ட்ரான் வந்தா கரன்ட், நானோ ஆம்பியர் அளவுல. அந்தக் கரன்ட்டை எண்ணா மாத்துறதுதான் மிச்ச வேலை. என்சைமை எலக்ட்ரோடோட சேர்க்கிற இந்த யோசனையை லேலண்ட் கிளார்க் என்பவர் 1962-லயே சொல்லிட்டார். நாம செகண்ட் இயர்ல படிச்ச ட்ரான்ஸ்டியூசர், நாய்ஸ், ஃபில்டர், ட்ரிஃப்ட், எல்லாம் என் கையில ஒட்டிட்டு இருக்கு. அந்த பேப்பர்ல எனக்கு கிரேடு சுமார்தான், அது வேற விஷயம்.

ரத்தத்தை நேரா தொடாததால ஒரு தாமதம் உண்டு. சுமார் 5-லிருந்து 15 நிமிஷம். ஹாஸ்டல்ல மேட்ச் பார்த்திருப்பீங்க. பக்கத்து ரூம்ல விக்கெட்டுன்னு கத்துவாங்க, நம்ம போன்ல அப்போதான் பவுலர் ஓடி வந்துட்டு இருப்பார். அதே கதைதான். குளுக்கோஸ் வேகமா மாறாத நேரத்துல இந்தத் தாமதம் பெரிசா தெரியாது. வேகமா இறங்கும்போதுதான் ஆபத்து. சென்சார் 82 என்று காட்டும், ரத்தத்துல அது 65 ஆகியிருக்கும். அதனால எண்ணை விட அம்புதான் முக்கியம். 110 பக்கத்துல அம்பு படுத்திருந்தா நிம்மதியா கிளாஸுக்குப் போவேன். அதே 110 பக்கத்துல அம்பு நேரா கீழே பார்த்தா பையில குளுக்கோஸைத் தேடுவேன். எண் ஒண்ணு சொல்லி உடம்பு வேற சொன்னா, உடம்பை நம்பி விரல்ல குத்திப் பார்க்கணும். இதை டாக்டர் முதல் நாளே சொல்லிட்டார். என்னால மீறாம இருக்க முடிஞ்ச ஒரே விதி அதுதான்.

சரி, எதை வாங்கறது? செகண்ட் இயர் தொடக்கத்துல இந்தக் கேள்வியோட ரெண்டு வாரம் உட்கார்ந்தேன். நான் போட்டிருக்கிற பிராண்ட் எதுன்னு இங்கே சொல்லப் போறதில்லை, சொன்னா விளம்பரம் ஆயிடும். எதையெல்லாம் பார்த்தேன்னு மட்டும் சொல்றேன்.

முதல்ல எல்லாரும் காட்டுறது மார்ட் என்ற எண். சென்சார் சொல்றதுக்கும் ரத்தத்தில் அளந்ததுக்கும் சராசரியா எத்தனை சதவீதம் வித்தியாசம்னு அர்த்தம். 2014-ல ஐரோப்பாவுல வந்த முதல் ஃப்ரீஸ்டைல் லிப்ரேவுக்கு ஒரு ஆய்வில் 11.4 சதவீதம் வந்துச்சு. பிறகு வந்த மாடல்கள் 8, 9 பக்கம் வந்துடுச்சு. குறைஞ்சா நல்லது. ஆனா இந்த ஒரு எண்ணை வெச்சு முடிவெடுக்கிறது, சிஜிபிஏவை மட்டும் பார்த்து ஆளை எடுக்கிற மாதிரி. சராசரி நல்லா இருந்து, 70-க்குக் கீழே மட்டும் சொதப்புற சென்சாரை வெச்சு நான் என்ன பண்றது? எனக்கு முக்கியமான இடமே அதுதானே. யாரை வெச்சு, எப்படிச் சோதிச்சாங்க என்பதைப் பொறுத்தும் இந்த எண் மாறும். அதனால 8.9-க்கும் 9.2-க்கும் நடுவுல சண்டை போடாதீங்க.

எனக்கு அதைவிடப் பெரிசாப் பட்டது அலாரம். சில மாடல்ல நீங்களா போனைப் பக்கத்துல கொண்டுபோய் ஸ்கேன் பண்ணினாதான் எண் தெரியும். தூக்கத்துல இறங்கினா யார் ஸ்கேன் பண்றது? தனியா ஹாஸ்டல்ல இருக்கிற ஆளுக்கு ராத்திரி தானா கத்துற சென்சார் வேணும். இதுல நான் விட்டுக்கொடுக்கலை.

அடுத்தது, யாரும் சொல்லாத ஒண்ணு: உங்க போன். ஸ்கேன் பண்ற மாடலுக்கு என்எஃப்சி வேணும், விலை குறைஞ்ச பல ஆண்ட்ராய்டு போன்ல அது கிடையாது. என் பழைய போன்லயும் இல்லை. அதனால முதல் ஒரு வருஷம் தனியா ரீடர் வாங்கி வெச்சிருந்தேன், பழைய பட்டன் போன் சைஸ்ல ஒரு பெட்டி. தேர்ட் இயர் இன்டர்ன்ஷிப் ஸ்டைபெண்ட் வந்ததும்தான் போனை மாத்தினேன். ரீடரைத் தூக்கிப் போடலை. அது ஏன்னு பின்னாடி வரும்.

மருந்து விஷயமும் உண்டு. சில சென்சார்ல பாராசிட்டமால் சாப்பிட்டா எண் பொய்யா ஏறும், ஏன்னா அந்த மருந்தும் எலக்ட்ரோடுல போய் கரன்ட் கொடுக்கும். வேற சிலதுல வைட்டமின் சி மாத்திரை அதிக டோஸ்ல எடுத்தா அதே கதை. காய்ச்சல் வந்தா மாத்திரையை முழுங்கிட்டு செமினாருக்கு வர்ற நம்ம மாதிரி ஆளுங்க, பெட்டிக்குள்ள இருக்கிற அந்தப் பெரிய காகிதத்தை ஒருமுறையாவது படிக்கணும்.

இப்போ காசு. நான் வாங்கறது 14 நாள் உழைக்கிற சென்சார், ஒண்ணு சுமார் 4,500 ரூபாய். விடாம போட்டா வருஷத்துக்கு 26. கணக்கு போட்டா 1,17,000. என் ஒரு வருஷ ஹாஸ்டல் ஃபீஸை விட அதிகம். விரல்ல குத்துற ஸ்ட்ரிப் ஒண்ணு 20 ரூபாய்னு வெச்சா, நாளைக்கு அஞ்சுன்னாலும் 14 நாளைக்கு 1,400 தான். "காசைப் பத்தி நீ யோசிக்காதே" என்று அப்பா சொன்னார். அப்பா அப்படிச் சொன்னா கட்டாயம் யோசிக்கணும்னு எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும்.

கடைசியில டாக்டர்தான் வழி சொன்னார். மாசத்துக்கு ஒண்ணு போடு, மிச்ச ரெண்டு வாரம் விரல்ல குத்து. செமஸ்டர் எக்ஸாம், டூர், இன்சுலின் டோஸ் மாத்துற நேரம், உடம்பு சரியில்லாத நேரம், இதுக்கெல்லாம் சென்சார் இருக்கிற மாதிரி தேதியைப் பார்த்துக்கோ. நல்ல யோசனை. முதல் 14 நாள்ல கத்துக்கிட்டதை அடுத்த 14 நாள்ல கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம், ஓரளவுக்கு.

என்ன கத்துக்கிட்டேன்? முக்கியமா நம்ம மெஸ்ஸைப் பத்தி. இட்லி நேர்மையான ஆள். நாலு சாப்பிட்டா கிடுகிடுன்னு ஏறும், ரெண்டு மணி நேரத்துல சொன்ன சொல் மாறாம இறங்கிடும். ஞாயித்துக்கிழமை பொங்கல் அப்படி இல்லை. நெய் இருக்கிறதால மெதுவா ஏறி மதியம் வரைக்கும் உட்கார்ந்திருக்கும். புதன்கிழமை பரோட்டாதான் வில்லன். ராத்திரி 10 மணிக்கு 140, நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். நான் படுத்ததுக்கு அப்புறம் ஏற ஆரம்பிச்சு ஒன்றரை மணிக்கு 260-ல நிக்கும். கொழுப்பு சேர்ந்தா செரிமானம் தள்ளிப்போகும்னு புத்தகத்துல இருக்கு. ஆனா எட்டு வருஷமா சாப்பிட்ட பரோட்டா என்ன செஞ்சுட்டு இருந்துச்சுன்னு அந்தக் கோட்டைப் பார்த்தப்பதான் தெரிஞ்சது. காலையில குத்தும்போது 190 வந்தா "நேத்து என்ன திருட்டுத்தனமா சாப்பிட்டே" என்று ஸ்கூல் நாள்ல எத்தனை தடவை திட்டு வாங்கியிருக்கேன் தெரியுமா?

ஒண்ணுமே சாப்பிடாமலும் ஏறும். மைக்ரோப்ராசசர் வைவாவுக்கு வெளியே நின்னப்ப 118. உள்ளே போய் வெளியே வந்தப்ப 190. அட்ரினலின். எக்ஸ்டர்னலோட கேள்விகளுக்கு ஒரு வரைபடமே இருக்கு என்கிட்ட.

இதுல ஒரு பொறியும் இருக்கு. எண்ணைப் பார்த்துக்கிட்டே இருந்தா கை சும்மா இருக்காது. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துல 220 தெரிஞ்சா, இன்னும் ரெண்டு யூனிட் போடலாமேன்னு தோணும். ஆனா முன்னாடி போட்ட இன்சுலின் இன்னும் வேலை செஞ்சுட்டு இருக்கும். அதுக்கு சுமார் நாலு மணி நேரம் ஆகும். ஒண்ணு மேல ஒண்ணு சேர்ந்தா மூணு மணிக்கு மொத்தமா விழுவோம். இறங்கும்போதும் அதே மாதிரிதான். 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டுட்டு 15 நிமிஷம் காத்திருக்கணும். தாமதம் இருக்கிறதால சென்சார் இன்னும் இறங்குதுன்னே காட்டும். அதை நம்பி மறுபடி மறுபடி சாப்பிட்டா அடுத்த ஸ்டாப் 280. அந்த 15 நிமிஷம் முடிஞ்சதும் விரல்ல குத்திப் பார்க்கிறதுதான் சரி.

மொத்தமா எப்படி இருக்கோம்னு சொல்ல ஒரு அளவு இருக்கு: 70-க்கும் 180-க்கும் நடுவுல நாளோட எத்தனை சதவீத நேரம் இருந்தோம் என்பது. 2019-ல பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து, பெரும்பாலானவங்களுக்கு 70 சதவீதத்துக்கு மேல இருந்தா நல்லது, 70-க்குக் கீழே இருக்கிற நேரம் 4 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு சொன்னாங்க. அட்டெண்டன்ஸுக்கு 75, இதுக்கு 70. நான் போன மாசம் 68. கண்டனேஷன் ஃபீஸ் கட்ட முடியுமான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். அவர் சிரிக்கலை.

அம்மாவைப் பத்தி எழுதாம இதை முடிக்க முடியாது. என் போன்ல வர்ற எண் திண்டுக்கல்ல இருக்கிற அம்மா போன்லயும் வரும். அந்த வசதி இருக்குன்னு தெரிஞ்ச அன்னைக்கே அம்மா அதைப் போடச் சொல்லிட்டாங்க. முதல் மாசம் எப்படி இருந்திருக்கும்னு நினைக்கிறீங்க? சாயங்காலம் டீக்கடையில பஜ்ஜி வாயில போன அரை மணி நேரத்துல போன்: "என்னடி, ஏறுது?"

ஒரு ராத்திரி 2.40-க்கு என் ரூம் கதவு இடி மாதிரி தட்டப்படுது. திறந்தா வார்டன் மேடம், பின்னாடி காரிடாரே நிக்குது. அம்மா போன்ல 58-னு அலாரம் அடிச்சிருக்கு. நான் எடுக்கலைன்னதும் வார்டனுக்குப் போட்டுட்டாங்க. ரூம்மேட் குளுக்கோஸ் பவுடரைக் கரைச்சுட்டு நிக்கிறா. விரல்ல குத்திப் பார்த்தா 112. நான் இடது பக்கமா ஒருக்களிச்சு, சென்சார் மேலயே படுத்துத் தூங்கியிருக்கேன். அழுத்தம் பட்டா அந்த இடத்துல திரவ ஓட்டம் குறையும், சென்சார் பொய்யா இறக்கிக் காட்டும். இதுக்கு கம்ப்ரஷன் லோ என்று பேரே இருக்கு.

மறுநாள் அம்மாகிட்ட ரொம்ப நேரம் பேசினேன். எனக்கு 21 வயசு, என் உடம்போட எண் என்னோடது என்பது என் கட்சி. எட்டு வருஷம் ராத்திரி மூணு மணிக்கு அலாரம் வெச்சு எழுந்து உன் விரல்ல குத்தினது நான், திடீர்னு எப்படி நிறுத்தறது என்பது அம்மா கட்சி. ரெண்டும் சரிதான். அதனால ஒரு ஒப்பந்தம் போட்டோம். அம்மா போன்ல ஏறுறதுக்கு அலாரம் கிடையாது. இறங்குறதுக்கு 60-ல மட்டும். முதல்ல எனக்குப் போன், அப்புறம் ரூம்மேட்டுக்கு, அவளும் எடுக்கலைன்னாதான் வார்டன். பஜ்ஜியைப் பத்தி யாரும் பேசக்கூடாது. இதுவரைக்கும் ரெண்டு பக்கமும் மீறலை. நானும் வலது கைக்கு மாத்திக்கிட்டேன், ஏன்னா நான் இடது பக்கமாத்தான் தூங்குவேன்னு தெரிஞ்சுபோச்சு.

அத்தைக்கு வேற கவலை. சொந்தத்துல ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, "கை நீளமா ஜாக்கெட் போட்டுக்கோம்மா, நாலு பேர் பார்ப்பாங்க" என்றார். அந்த நாலு பேர்ல ஒருத்தராவது தன் பையனுக்காகப் பார்ப்பாங்க என்பதுதான் அர்த்தம். நான் வழக்கமான ஜாக்கெட்டே போட்டேன். பந்தியில பக்கத்துல உட்கார்ந்த ஒரு பாட்டி, "இது எங்கே கிடைக்கும், என் பேத்திக்கும் இருக்கு, ஏழு வயசு" என்று கேட்டாங்க. பாயசம் வர்றதுக்குள்ள அவங்க மகள் நம்பர் என் போன்ல ஏறிடுச்சு.

ரீடர் கதைக்கு வர்றேன். எக்ஸாம் ஹால்ல போன் கூடாது. அதுல மறுபேச்சுக்கு இடமில்லை, நியாயமும்கூட. ஆனா போன் இல்லைன்னா என் சென்சார் ஊமை. மூணு மணி நேரம் ஊமை. டாக்டர் சர்டிஃபிகேட்டோட சிஓஇ ஆபீஸுக்கு ஒரு லெட்டர் கொடுத்தேன்: சிம் கிடையாது, கேமரா கிடையாது, எண்ணை மட்டும் காட்டுற ரீடர் ஒண்ணு, குளுக்கோஸ் மாத்திரை, தண்ணி பாட்டில். மூணு தடவை அலைய விட்டாங்க. கடைசியில, ரீடர் இன்விஜிலேட்டர் மேஜையில இருக்கணும், அலாரம் அடிச்சா எடுத்துப் பார்க்கலாம்னு எழுதிக் கொடுத்தாங்க. அதனால எப்பவும் புது சென்சாரை ரீடர்ல ஸ்டார்ட் பண்ணிட்டு, ஒரு மணி நேரத்துக்குள்ள போன்லயும் சேர்த்துடுவேன், ரெண்டும் வேலை செய்யும். என் மாடல் 8 மணி நேர டேட்டாவைத் தனக்குள்ளேயே வெச்சிருக்கும். எக்ஸாம் முடிஞ்சு போன்ல ஸ்கேன் பண்ணினா விட்டுப்போன மூணு மணி நேரமும் கோடா வந்துடும். டைப் 1 இருக்கிற ஜூனியர் யாராவது இதைப் படிச்சா, அந்த லெட்டரோட காப்பி என்கிட்ட இருக்கு. செமஸ்டர் தொடங்கினதுமே கொடுத்துடுங்க, ஹால் டிக்கெட் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க.

இன்னொரு கூட்டமும் என்கிட்ட கேட்கும். சர்க்கரை நோய் இல்லாதவங்க, ரீல்ஸ்ல ஜிம் ஆட்கள் போட்டிருக்கிறதைப் பார்த்துட்டு, "நானும் ஒண்ணு போடவா?" காசு உங்களோடது. ஆனா உங்க கணையம் சம்பளம் வாங்காம என்னை விட நல்லா இந்த வேலையைப் பார்த்துட்டு இருக்கு. சாதம் சாப்பிட்டா 150 வந்துட்டு இறங்குறது நோய் இல்லை. அதுக்குப் பயந்து சாதத்தை விட்டவங்களை எனக்குத் தெரியும். ஊசியே இல்லாம குளுக்கோஸ் காட்டும்னு ஆன்லைன்ல விக்கிற வாட்ச், மோதிரம் எதையும் தொடாதீங்க. அப்படி எதுக்கும் அனுமதி கொடுக்கலைன்னு எஃப்டிஏ 2024 பிப்ரவரியில எச்சரிக்கையே விட்டுச்சு. வீட்ல சுகர் இருக்கிற தாத்தாவுக்கு அதைப் பரிசா வாங்கிக் கொடுத்து, அவர் அந்த எண்ணைப் பார்த்து இன்சுலின் போட்டார்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

கடைசியா, என் பக்கத்துல உட்காருறவங்களுக்கு. நான் திடீர்னு சம்பந்தமில்லாம எரிஞ்சு விழுந்தாலோ, வேர்த்துக் கொட்டி ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிச்சாலோ, "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்றதை நம்பாதீங்க. பையோட முன் ஜிப்புல குளுக்கோஸ் பவுடர் இருக்கு, 3 டீஸ்பூன் தண்ணியில கரைச்சுக் கொடுங்க. அது இல்லைன்னா சர்க்கரை, இல்லைன்னா ஒரு ஃப்ரூட்டி. டயட் கோக் வேண்டாம், அதுல சர்க்கரையே கிடையாது. நான் மயங்கி விழுந்திருந்தா வாயில எதையும் ஊத்தாதீங்க, புரையேறிடும். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுட்டு 108-க்குப் போன் பண்ணுங்க. அம்மாவுக்கு அப்புறம் சொல்லிக்கலாம், அவங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்சிருக்கும்.